வன்னியில் குடியிருக்க இடம் தேடுகிறீர்களா? நான்கு வழிகள், அவற்றின் கணக்கு

கையில் ஆறேழு மாத அவகாசம், அளவான காசு, வட இலங்கையின் வன்னியில் எங்காவது ஒரு வளவில் நிலையாக இருந்துவிட வேண்டும் என்ற எண்ணம். இந்த மூன்றோடும் வருகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்வி: வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ ஓர் அறை எடுத்துக்கொண்டு அங்கிருந்து போய்வந்து பார்ப்பதா, இல்லை ஊர் ஊராக இருந்து பார்ப்பதா? தமிழ்நாட்டு முகாமிலிருந்து திரும்புகிறவர், கொழும்பு வாடகையில் சலித்தவர், ஐரோப்பாவில் ஓய்வு பெற்றவர், யாழ்ப்பாணத்துக் காணி விலையைக் கேட்டுவிட்டுத் தெற்கே திரும்பியவர் என்று பலவகையினர் இதைக் கேட்கிறார்கள். ஆளுக்கு ஆள் விடை மாறும். ஆனால் பிழை மட்டும் எல்லோருக்கும் ஒன்று: பெப்ரவரி, மார்ச்சில் வந்து பார்ப்பது.

அந்த நாட்களில் வன்னி தன் முழு அழகோடு இருக்கும். குளங்களில் தண்ணீர் நிற்கும், காலபோக நெல் அறுவடையாகும், கிணற்றில் வாளியை இறக்கினால் நாலு முழத்தில் தண்ணீர் தட்டும். விற்கிறவருக்கும் இது நன்றாகத் தெரியும். அதே கிணறு செப்டெம்பரில் எப்படி இருக்கும், அதே ஒழுங்கை டிசெம்பரில் நடக்க முடிகிற மாதிரி இருக்குமா என்பதைப் பெப்ரவரி காட்டாது.

## எதை வைத்து அளப்பது

கோடையும் மாரியும். ஆண்டு மழையின் பெரும்பங்கு ஒக்டோபர் நடுவிலிருந்து டிசெம்பர் முடியும் வரைக்குள் கொட்டித் தீர்கிறது. கிணறுகள் ஆகக் கீழே இறங்குவது செப்டெம்பரிலும் ஒக்டோபர் தொடக்கத்திலும். ஆகவே ஒரே காணியை இந்த இரண்டு முனைகளிலும் பார்க்க வழி உண்டா என்பது முதல் அளவுகோல். மற்றவை எல்லாம் இதற்குப் பிறகுதான்.

பொழுது பட்ட பின். பகலில் பார்த்த காணி பாதிக் காணி. யானை வருவது, கரண்டின் வலு இறங்குவது, தொலைபேசி இணைப்பு விழுவது எல்லாம் மாலை ஆறுக்குப் பிறகு. புடையன் பாம்பு கடித்தால் விஷமுறிவு மருந்துள்ள ஆஸ்பத்திரிக்கு இரவில் எவ்வளவு நேரம்? 1990 என்ற இலக்கத்தில் அழைக்கும் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்தான், ஆனால் அது எங்கிருந்து புறப்பட்டு வரவேண்டும் என்பதை அயலவரிடம் கேளுங்கள்.

அலுவலகங்கள். கிராம சேவையாளர், பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவு, காணிப் பதிவகம், நில அளவையாளர், நொத்தாரிசு (காணிப் பத்திரம் எழுதிச் சான்றுபடுத்துபவர்). ஒரு காணிக்கு இந்த ஐந்து இடத்துக்கும் சேர்த்துப் பத்துப் பன்னிரண்டு தடவை நடக்கவேண்டி வரும். அலுவலர் வெளிக்களம் போன நாளில் போனால் அது வீண் நாள். மக்கள் சந்திப்பு நாள் எது என்று முதலிலேயே கேட்டு வையுங்கள்.

உண்மைச் செலவு. வாடகையை மட்டும் பார்ப்பவர்கள் ஏமாறுகிறார்கள். தங்காத இரவுக்கும் வாடகை கட்டுவது, கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு ஆட்டோ பிடிப்பது, குடிதண்ணீர் கான் வாங்குவது, மூன்று வேளையும் கடைச் சாப்பாடு. காசு கரைவது இங்கேதான்.

செய்தி பரவுதல். காணி பார்க்க ஆள் வந்திருக்கிறது என்ற செய்தி எவ்வளவு வேகமாகப் பரவுகிறதோ, அவ்வளவு வேகமாக விலை ஏறும்.

## முதலாவது வழி: ஏ-9 நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரே தளம்

வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ மாத வாடகைக்கு ஓர் அறை. பஸ்ஸிலும் ரயிலிலும் போய்வருவது.

வவுனியாவின் பலம், நாலு திசைக்கும் பஸ் இருப்பது. மன்னார் 80 கி.மீ.க்குக் கிட்ட, மாங்குளம் வழியாக முல்லைத்தீவு ஏறக்குறைய 100 கி.மீ. வைத்தியசாலை, வங்கி, பல்கலைக்கழகம், கடவுச்சீட்டு அலுவலகம் எல்லாம் அங்கேயே உண்டு. கிளிநொச்சியின் பலம், வடக்கு வன்னிக்கு நடுவில் இருப்பது: பரந்தனில் திரும்பினால் ஏ-35 வீதி வழியாக விசுவமடு, புதுக்குடியிருப்பு, முல்லைத்தீவு, மறுபக்கம் பூநகரி. வவுனியா, மாங்குளம், கிளிநொச்சி மூன்றும் ரயில் பாதையில் உள்ளவை.

ரயிலை நம்பித் திட்டம் போடுபவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். முல்லைத்தீவுக்கு ரயிலே இல்லை. தலைமன்னார்ப் பாதை மதவாச்சியில் பிரிவதால், வவுனியாவிலிருந்து மன்னாருக்கு ரயிலில் போக நினைத்தால் முதலில் தெற்கே இறங்கி மாறவேண்டும். பஸ்தான் சரி.

இந்த வழியின் மறைந்த செலவு நேரம். வவுனியாவில் காலை ஆறரைக்கு ஏறி மாங்குளத்தில் மாறிப் புதுக்குடியிருப்புப் பக்கம் ஒரு காணிக்குப் போய்ச் சேரப் பத்தரை, பதினொன்று ஆகிவிடும். கடைசித் தொடர்பு பஸ்ஸைப் பிடிக்க மூன்றரைக்குக் கிளம்பவேண்டும். கையில் கிடைத்தது நாலரை மணித்தியாலம், அதுவும் உச்சி வெயிலில். பொழுது பட்ட பின் என்ற அளவுகோலில் இந்த வழி முழுக்கத் தோற்கிறது. கிழமைக்கு மூன்று நாள் இப்படிப் போனால் நாலாம் கிழமையில் உடம்பு சொல்லிவிடும். அதன்பின் தளத்துக்குக் கிட்ட இருக்கும் காணிகளே நல்ல காணிகளாகத் தெரியத் தொடங்கும். வவுனியாவில் அறை எடுத்தவர் வவுனியாவிலேயே வாங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அறை எடுக்கும்போது: தனி மின்மானி உண்டா, இல்லாவிட்டால் பில்லை எப்படிப் பிரிப்பது என்று எழுதிக்கொள்ளுங்கள். அலகு கூடக் கூட அலகு விலையும் ஏறும் கட்டண முறையில், வீட்டுக்காரர் குடும்பத்தோடு ஒரே மானியில் இருந்தால் உங்கள் ஒரு மின்விசிறிக்கும் மேல்படி விலைதான் விழும்.

இது பொருந்துவது: பள்ளிப் பிள்ளையோ தொடர் மருந்து எடுக்கும் பெரியவரோ கூட இருப்பவர்களுக்கு. பத்திரம் தொலைந்து, காணியைவிட அலுவலகங்களிலேயே அதிக நாள் நிற்கவேண்டியவர்களுக்கு. இந்தியாவில் பிறந்த பிள்ளைகளின் பிறப்புப் பதிவு, பிரசாவுரிமை, அடையாள அட்டை என்று ஓடுபவர்களுக்கும் இதைவிட நல்ல வழி இல்லை.

## இரண்டாவது வழி: மாதத்துக்கு ஓர் ஊர்

கேட்க அழகான திட்டம்: மன்னாரில் ஒரு மாதம், வவுனியாவில் ஒரு மாதம், முல்லைத்தீவு, கிளிநொச்சி. இருந்து பார்ப்பதால் இரவு தெரியும், கடைத்தெரு தெரியும், தண்ணீர் கான் வண்டி எந்த நாளில் வருகிறது என்பதுகூடத் தெரியும்.

குறை கணக்கில் இருக்கிறது. செப்டெம்பரில் மன்னாரையும் டிசெம்பரில் கிளிநொச்சியையும் பார்த்தவர் ஒப்பிடுவது இரண்டு ஊர்களை அல்ல, இரண்டு காலங்களை. மன்னார் வறண்ட ஊர், கிளிநொச்சி ஈரமான ஊர் என்ற முடிவோடு போவார். ஆகவே மாதக் கணக்கை உடைத்து இரண்டு சுற்றாக மாற்றுங்கள்.

முதற் சுற்று ஓகஸ்ட் நடுவில் தொடங்கட்டும். ஊருக்குப் பத்து நாள், நாலு ஊருக்கு நாற்பது நாள். மழை தொடங்கும் முன் எல்லாக் கிணற்றையும் அதன் கேவலமான நிலையில் பார்த்துவிடலாம். ஒக்டோபரைப் பத்திரம் பார்க்க ஒதுக்குங்கள். நவம்பர் நடுவிலிருந்து டிசெம்பர் முடிய, தேறிய இரண்டு ஊரில் மட்டும் மூன்று கிழமை, மூன்று கிழமை.

முதற் சுற்றில் ஒவ்வோர் இடத்திலும் பார்க்கவேண்டியது வேறு.

*மன்னார்.* தீவுப் பகுதியில் நல்ல தண்ணீர் உவர்நீரின் மேல் மெல்லிய படையாகத்தான் கிடக்கிறது. பம்ப் போட்டு இழுத்தால் உவர் ஏறும். பெருநிலத்தில் கட்டுக்கரைக் குளத்தின் கீழ் முருங்கன், உயிலங்குளம், அடம்பன் பக்கம் வயலுக்குக் குறைவில்லை. ஆனால் முருங்கன் பக்கத்துக் கரிய களிமண் கோடையில் வெடித்து மாரியில் உப்பும். பழைய வீடுகளின் சுவர் மூலைகளைப் பாருங்கள்: சாய்வாக ஓடும் வெடிப்பு இருந்தால் அத்திவாரச் செலவு கூடும் என்று அர்த்தம். சோளகம் (தென்மேற்குக் காற்று) அடிக்கும் மாதங்களில் புழுதியும் சேர்த்துத்தான்.

*வவுனியா.* அடியில் கருங்கல். குழாய்க்கிணற்றுக்குத் தண்ணீர் பாறை வெடிப்பில் கிடைத்தால்தான். பக்கத்து வளவில் உண்டென்பது உங்கள் வளவுக்கு உத்தரவாதம் அல்ல. மாவட்டத்தின் சில கிராமங்களில், காரணம் முழுதாகத் தெளியாத சிறுநீரக நோய் காணப்பட்டிருக்கிறது. செட்டிகுளம் பக்கமோ வேறு எங்கேயோ, கிணற்றுத் தண்ணீரைச் சோதிக்காமல் முற்பணம் வேண்டாம். நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடத்தில் கேட்டால் போத்தலை எப்படி நிரப்பவேண்டும் என்று சொல்வார்கள். இலங்கைக் குடிநீர்த் தரத்தில் புளோரைட்டு லீற்றருக்கு 1 மில்லிகிராம், மொத்தக் கடினத்தன்மை 250 மில்லிகிராம் என்பவை மேல் எல்லை. கேத்தலின் அடியில் வெள்ளையாகக் கட்டி பிடித்திருந்தால் கடினத்தன்மைக்கு வேறு சாட்சி வேண்டாம். புளோரைட்டோ கண்ணுக்கும் நாக்குக்கும் தெரியாது.

*முல்லைத்தீவு.* ஊர்ப் பெயரையும் படியுங்கள். தண்ணீரூற்று என்று சும்மா பெயர் வைக்கவில்லை. முள்ளியவளை, தண்ணீரூற்றுப் பக்கம் மரநிழலும் தண்ணீரும் உண்டு, அதற்கேற்ற விலையும் உண்டு. கரையோரக் காணிகளில் 2004 சுனாமித் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேளுங்கள். ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கம் யானை. மின்வேலி இருக்கிறது என்பார்கள். வேலியில் கரண்ட் ஓடுகிறதா, இரவில் யார் பார்க்கிறார்கள் என்பதுதான் கேள்வி. கண்ணிவெடி அகற்றிய இடமென்றாலும் நடைபாதையை விட்டுப் பற்றைக்குள் இறங்காதீர்கள். சிவப்பு மண்டையோட்டுப் பலகை இருந்தால் அதோடு பேச்சே இல்லை.

*கிளிநொச்சி.* விளம்பரங்களில் பாதி "இரணைமடுவுக்குக் கிட்ட" என்றுதான் தொடங்கும். அந்தப் பெரிய குளத்துக்குக் கிட்ட என்றால் எந்தப் பக்கம் என்று யாரும் கேட்பதில்லை. வாய்க்காலோடு ஒட்டிய வளவுகளில் வாய்க்கால் ஓடும்வரை கிணறும் நிறைந்திருக்கும். சிறுபோகம் முடிந்து துருசு (குளத்து மதகு) பூட்டினால் கிணறு இறங்கும். மழை மிஞ்சி வான்கதவு (குளத்தின் மிகைநீர்க் கதவு) திறந்தால் தண்ணீர் கனகராயன் ஆற்றில் வடக்கே போகும். கண்டாவளை, பரந்தன் பக்கத் தாழ்நிலங்கள் 2018 டிசெம்பரில் என்ன ஆனது என்று அந்த ஊரவர் எவரும் சொல்வார். எந்தக் குளத்தின் கீழ் வாங்கினாலும் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று: இந்தக் குளம் வான் பாய்ந்தால் தண்ணீர் எந்தப் பக்கத்தால் போகும்?

தங்குமிடம் தேடும் குறுக்குவழி ஒன்று உண்டு. முல்லைத்தீவிலும் கிளிநொச்சியிலும் வேலை பார்க்கும் ஆசிரியர்கள், அலுவலர்கள் பலர் யாழ்ப்பாணம், வவுனியாவிலிருந்து வந்து கிழமை நாட்களில் மட்டும் அறையில் இருப்பவர்கள். வெள்ளி பின்னேரம் வீட்டுக்குப் போய்விடுவார்கள். அந்த அறைகளில் ஒரு கட்டில் பகிர்வதே ஆக மலிவு. பாடசாலை விடுமுறையில் முழு அறையே பத்து நாளுக்குக் கிடைக்கும். பாடசாலைக்கு அருகிலுள்ள கடையில் விசாரித்தாலே போதும், தரகர் தேவையில்லை. பெண்கள் தனியாகத் தேடுவதானாலும் இதைவிடப் பாதுகாப்பான ஏற்பாடு கிடைப்பது அரிது.

5 கிலோ காஸ் சிலிண்டரும் ஒரு சின்ன அடுப்பும் கூடவே போகட்டும். காலைப் புட்டும் இரவு இடியப்பமும் கடையில் எடுத்தாலும் மதியச் சோறு நீங்களே வடித்தால் செலவு கணிசமாகக் குறையும்.

இது பொருந்துவது: எந்த மாவட்டம் என்றே முடிவில்லாத தனியாளுக்கும் இரண்டு பேருக்கும். பொதி இரண்டு பைக்கு மேல் போனால் வேண்டாம். நாலு தடவை வீடு மாறும் ஆட்டோக் கூலியே ஒரு மாத வாடகையைத் தின்றுவிடும்.

## மூன்றாவது வழி: மோட்டார் சைக்கிளில் சுற்றுவது

பழைய 100 அல்லது 125 சிசி வண்டி ஒன்று. கிடைத்த இடத்தில் இரவு. துணுக்காய், மல்லாவி, வெள்ளாங்குளம், பூநகரி போல பஸ் அரிதாக ஓடும் உள்ளூர்களைப் பார்க்க இதற்கு ஈடில்லை. லீற்றருக்கு 45 கி.மீ. என்று வைத்தால், நாளுக்கு 100 கி.மீ. வீதம் இருபது நாள் ஓட 45 லீற்றர் வரை. அதை அன்றைய பெற்றோல் விலையால் பெருக்கி, பாதியை மேலே போடுங்கள். அந்தப் பாதி ரயர், சங்கிலி, ஒயில், பிரேக் கட்டைக்கு. கிரவல் ரோட்டுப் புழுதியில் சங்கிலியும் எயார் பில்டரும் தார் ரோட்டில் இருப்பதைவிட வேகமாகத் தேயும்.

வண்டி வாங்குவதில்தான் பெரிய பொறி. "ஓப்பின் பேப்பர்" வண்டி மலிவாகக் கிடைக்கும்: புத்தகத்தில் யாரோ ஒருவர் பெயர், கையெழுத்திட்ட வெற்றுப் படிவம், இடையில் மூன்று கை மாறியிருக்கும். விபத்து, களவு, பழைய தண்டம் எது வந்தாலும் பதில் சொல்வது ஓட்டுகிறவர். செசி இலக்கத்தைப் புத்தகத்தோடு ஒப்பிட்டு, உங்கள் பெயருக்கு மாற்றி, காப்புறுதியும் வருமான அனுமதிப் பத்திரமும் எடுத்த பிறகு கணக்குப் போட்டால் மலிவு என்ற சொல் கொஞ்சம் சுருங்கிவிடும். விற்கும்போது காசு திரும்பும் என்பது உண்மை, ஆனால் அவசரமாக விற்பவருக்கு அல்ல. வெளிநாட்டு சாரதி அனுமதிப்பத்திரம் வைத்திருப்பவர்கள் அதற்கான உள்நாட்டு அங்கீகாரம் எடுக்காமல் ஓடினால் காப்புறுதியும் கைவிடும்.

கூடவே இருக்கவேண்டியவை: ஒரு ரியூப், பிளக், கிளச் கேபிள், அரை லீற்றர் ஒயில், சின்னக் காற்றுப் பம்ப். மாங்குளத்திலிருந்து மேற்கே போகும் ரோட்டில் கராஜ் ஊருக்குள் மட்டும்தான், இடையில் காடு. யானைப் பாதைகளில் மாலை ஐந்தரைக்குப் பிறகு ஓடவேண்டாம். வளைவில் யானை நின்றால் ஹோர்ன் அடிக்காமல், லைற்றை அணைத்து அணைத்துப் போடாமல், தூரத்திலேயே நிறுத்தித் திரும்புங்கள்.

இரவுத் தங்கலுக்குக் கோயில் மடங்களை நம்பித் திட்டம் போடுவதை விடவேண்டும். திருக்கேதீச்சரத்தில் மடங்கள் உண்டு, மடுவில் யாத்திரிகர் விடுதிகள் உண்டு. அவை வழிபட வருகிறவர்களுக்கானவை. சிவராத்திரியும் மடுவின் ஜூலை, ஓகஸ்ட் திருவிழாக்களும் வந்தால் இடமே இராது. ஓரிரு இரவு, கேட்டு, காணிக்கை போட்டுத் தங்கலாம். மாதக்கணக்கில் அல்ல.

இந்த வழியில் காணும் ஊர்களின் தொகை கூடும், ஒவ்வோர் ஊரையும் பற்றிய அறிவு குறையும். நாற்பது காணி பார்த்துவிட்டு எந்தக் கிணறு எந்த வளவில் என்று மறந்தவர்கள் உண்டு. ஒரு கொப்பியில் காணிக்கு ஒரு பக்கம்: திகதி, கிணற்றில் கட்டிலிருந்து தண்ணீர் வரை எத்தனை அடி (கயிற்றில் கல் கட்டி அளக்கலாம்), கரண்ட் கம்பம் எத்தனை எட்டு, தொலைபேசி இணைப்பு, அயல்வீட்டுச் சுவரில் வெள்ளக் கறை எந்த உயரத்தில்.

இது பொருந்துவது: இரண்டாம் வழியின் முதற் சுற்றுக்குத் துணையாக. மோட்டார் சைக்கிளை மட்டுமே நம்பி ஆறு மாதம் ஓடுவதை யாருக்கும் சொல்லமாட்டோம். மழை தொடங்கினால் களிமண் ரோட்டில் மோட்டார் சைக்கிளைவிட நடையே நல்லது.

## நான்காவது வழி: உறவினர் வீடு

சித்தப்பா வீடு விசுவமடுவில் இருக்கிறது. வாடகை இல்லை, சாப்பாடு உண்டு, ஊர் தெரிந்தவர்கள். காசு கணக்கில் இதற்கு மேல் மலிவு கிடையாது. மறைந்த செலவும் இதற்கு மேல் கிடையாது.

வாடகை வாங்கமாட்டார்கள். அப்படியானால் அரிசி மூட்டை, மீன், பிள்ளையின் ரியூஷன் காசு, கோயில் திருவிழா உபயம் என்று வேறு வழியால் போகும். அது போகவேண்டும், போகாவிட்டால் நாலாவது கிழமையில் முகம் மாறும். கிழமைக்கு ஒரு தொகை என்று மனதில் வைத்து, காசாகக் கொடுக்காமல் சாமானாக வாங்கிப் போடுவது இரு பக்கத்துக்கும் சங்கடம் இல்லாத முறை.

அதைவிடப் பெரிய செலவு, பார்வை குறுகுவது. அவர்கள் காட்டுவது அவர்களுக்குத் தெரிந்த காணிகளை. அதில் ஒன்று அவர்களுடையதாகவும் இருக்கும், இல்லாவிட்டால் மச்சானுடையது. வேண்டாம் என்று சொன்னால் உறவு கசக்கும், சரி என்று சொன்னால் பத்திரத்தைக் கேட்க வாய் வராது. வெளிநாட்டிலிருந்து வந்தவர் என்ற செய்தி சங்கக் கடை வரை போவதற்கு ஒரு நாள் போதும். அடுத்த நாள் சொல்லப்படும் விலை வேறு.

இதன் பலம் ஒன்றே ஒன்று, ஆனால் அது பெரிது: பழைய எல்லையைக் காட்டக்கூடிய வயதானவர்கள். இடம்பெயர்வில் உறுதி (உரிமைப் பத்திரம்) தொலைந்த, வேலி அழிந்த குடும்பக் காணியைத் தேடி வருகிறவருக்கு, "இந்தப் பாலை மரம்தான் மூலை" என்று சொல்லும் அயலவர் ஒருவர் எந்த வரைபடத்துக்கும் குறைந்தவர் அல்லர்.

இது பொருந்துவது: சொந்தப் பூர்வீகக் காணிக்குத் திரும்புகிறவர்களுக்கு. புதிதாக வாங்க வருகிறவர் இரண்டு கிழமைக்கு மேல் தங்காமல் இருப்பதே மரியாதையும் இலாபமும்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | ஒரே தளம் | இரண்டு சுற்றாக ஊர் ஊராக | மோட்டார் சைக்கிள் | உறவினர் வீடு |
|---|---|---|---|---|
| கோடை, மாரி இரண்டும் | முயன்றால் முடியும் | நன்று | கோடையில் மட்டும் | அந்த ஓர் ஊருக்கு நன்று |
| பொழுது பட்ட பின் | தெரியாது | தெரியும் | ஓரளவு | நன்றாகத் தெரியும் |
| அலுவலக வேலை | ஆக இலகு | ஒக்டோபரில் ஒதுக்கவேண்டும் | அலைச்சல் | ஆள் தெரிந்தால் இலகு |
| வெளியே தெரியும் செலவு | நடுத்தரம் | நடுத்தரம் | தொடக்கத்தில் அதிகம் | ஆகக் குறைவு |
| மறைந்த செலவு | பஸ் நேரம், வெற்று இரவு வாடகை | இடம் மாறும் கூலி | பழுது, பத்திரப் பிரச்சினை | கடப்பாடு, குறுகிய தெரிவு |
| விலை ஏறும் ஆபத்து | குறைவு | குறைவு | ஆகக் குறைவு | அதிகம் |

வெளிநாட்டுக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு இந்த அட்டவணைக்கு வெளியே இரண்டு தடை. சுற்றுலா விசா 30 நாளோடு தொடங்கும். நீடிப்புக்குத் தனிச் செலவு. அத்தோடு 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டவர் பெயருக்குக் காணி எழுத முடியாது. இரட்டைப் பிரசாவுரிமை உள்ளவருக்கு அந்தத் தடை இல்லை. பிரசாவுரிமை விண்ணப்பத்தைப் போட்டுவிட்டுத் தேடத் தொடங்குவது முறை. உறவினர் பெயரில் வாங்கி வைப்பதன் முடிவுகளை நீதிமன்றத்தில் போய்ப் பார்க்கலாம்.

## முற்பணம் கொடுக்கும் முன்

எந்த வழியில் தேடினாலும் வந்து நிற்கும் இடம் இது.

முதற் கேள்வி, உறுதிக் காணியா, அரசின் அனுமதிப்பத்திரத்தில் உள்ள பெர்மிட் காணியா. வன்னியின் பெரும்பகுதி குடியேற்றத் திட்டங்களால் உருவானது. வட்டக்கச்சி, விசுவமடு, முத்தையன்கட்டு போன்ற இடங்களில் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்த அனுமதிப்பத்திரக் காணிகள் நிறைய. அவற்றை உறுதிக் காணிபோல விற்க முடியாது. அளிப்புப் பத்திரமாக (அரசு வழங்கும் உரிமைப் பத்திரம்) மாறிய காணிக்கும் பிரதேச செயலாளரின் சம்மதம் வேண்டும். "அற்றோனித் தத்துவம் (அதிகாரப் பத்திரம்) எழுதித் தருகிறேன்" என்று சொல்பவர் விற்பது காணியை அல்ல, ஒரு வழக்கை.

உறுதிக் காணி என்றால் பதிவகத்தில் முப்பது வருடப் பதிவுகளைத் தேடிப் பாருங்கள். பங்குக் காணியாக இருந்தால் வடபகுதித் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையின் முன்கொள்வனவு உரிமை உண்டு: வெளியாளுக்கு விற்கும் முன் மற்றப் பங்காளிகளுக்கு அறிவிக்கவேண்டும். அறிவிக்காமல் எழுதியதை ஒரு பங்காளி பிறகு வந்து தனக்குக் கேட்கலாம். காட்டோரக் காணியாக இருந்தால் வனத் திணைக்களத்தின் எல்லைக் கல் எங்கே நிற்கிறது என்று நில அளவையாளரோடு நடந்து பார்க்கவேண்டும். வரைபடத்தில் வயலாக இருப்பது வர்த்தமானியில் காடாக இருக்கலாம். வளவில் யாராவது குடிசை போட்டு இருந்தால் எத்தனை வருடமாக என்று கேளுங்கள். பத்து வருடம் என்பது சட்டத்தில் சும்மா எண் அல்ல, அவ்வளவு காலம் இருந்தவர் காணியைத் தனதென்று கேட்க வழி உண்டு.

அளவிலும் கவனம் வேண்டும். யாழ்ப்பாணத்தார் பரப்பில் கதைப்பார்கள், வன்னியில் ஏக்கரில், வரைபடத்தில் பேர்ச்சில் அல்லது ஹெக்டேயரில் இருக்கும். 1 பரப்பு 10 பேர்ச், 16 பரப்பு 1 ஏக்கர்.

முற்பணத்தைக் கைத்துண்டில் எழுதிக் கொடுப்பது இங்கே வழக்கம். அதனால் காசு போனவர்களும் நிறைய. 1840ஆம் ஆண்டிலிருந்தே இருக்கும் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, காணி விற்பனை மட்டுமல்ல, விற்பதற்கான உடன்படிக்கையும் நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு எழுதப்படவேண்டும். கைத்துண்டைக் காட்டிக் காணியைக் கேட்க முடியாது. நொத்தாரிசைத் தரகர் கூட்டிக்கொண்டு வரவேண்டாம், நீங்களே தெரிந்தெடுங்கள்.

முத்திரை வரி வாங்குகிறவர் தலையில். முதல் 100,000 ரூபாவுக்கு 3 வீதம், மிகுதிக்கு 4 வீதம். 20 இலட்சத்துக்கு ஒரு காணி எழுதினால் 3,000 உம் 76,000 உம் சேர்த்து 79,000 ரூபா. நொத்தாரிசுக் கட்டணம், அளவைக் கட்டணம், பதிவுக் கட்டணம் அதற்கு மேல். இந்தத் தொகையையும், டிசெம்பர் மழையில் இன்னொரு தடவை போய்த் தங்கிப் பார்க்கும் மூன்று கிழமைச் செலவையும் ஓகஸ்டில் பஸ் ஏறும் முன்னரே தனியாக எடுத்து வங்கியில் போட்டுவிட்டுப் புறப்படுங்கள்.